ஆறு ஆட்சேபங்களும் நாற்பது நாள் ஜெபமும்

பிப்ரவரி 22, சாம்பல் புதன்

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம், லெந்து நாட்கள், தொடங்கிவிட்டன. இனி நாற்பது நாளைக்கு இறைச்சி கிடையாது. மீன் சாப்பிடலாம் என்று எங்கள் தெருப் பெல்லா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். நோவா காலத்து வெள்ளத்தில் மீனுக்கு மட்டும் தண்டனை இல்லையாம், அதனால் அது பாவமில்லாத பிராணியாம். வேதசாஸ்திரம் படிக்காமலே இவ்வளவு வருகிறது அவளுக்கு.

ஆராதனை முடிந்ததும் ஐயர் ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு வந்தார். (நான் செத்த பிறகு இந்த நோட்டை யாராவது வெளியூர்க்காரர் எடுத்துப் படித்தால் குழம்பக்கூடாது. எங்கள் பேரின்பவிளையில் தேவாலயத்தைக் கோயில் என்றும் சபைக் குருவை ஐயர் என்றும்தான் சொல்வோம். இப்போது இருப்பவர் ஜெபசிங் ஐயர். முப்பத்து நாலு வயது.) டப்பாவுக்குள் உலக நாடுகள் இருந்தன. தெருவுக்கு ஒரு சீட்டு. எடுத்த நாட்டிலுள்ள கிறிஸ்தவர்களுக்காக அந்தத் தெரு ஜெபக்குழு நாற்பது நாளும் ஜெபிக்க வேண்டும். மேற்குத் தெருவுக்கு நியூசிலாந்து விழுந்தது. அங்கே என்ன குறை என்று இனிமேல்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எங்கள் கிழக்குத் தெருவுக்கு ஒரு முஸ்லிம் நாடு. நூற்றுக்கு ஒருவர்கூட நம் ஆட்கள் இல்லை. அங்குள்ளவர்களுக்கு ஆபத்து வரக்கூடும், ஆகையால் நாட்டின் பெயரை எங்கும் எழுதவோ சொல்லவோ வேண்டாம் என்று ஐயர் மூன்று தடவை சொன்னார். எல்லோரும் மூன்று தடவை தலையாட்டினோம்.

என்னைக் குழுவின் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். தாலுகா ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதுதான் தகுதி. ஜெபம் எனக்கு அவ்வளவாக வராது. மனு எழுத வரும். இரண்டும் மேலே போகிறவைதான். பதில் வருகிற வேகமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பிப்ரவரி 24, வெள்ளி

பெயர் சொல்லக்கூடாத அந்த நாட்டின் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு, கோயில் வாசலில் ஒரு பிளெக்ஸ் பேனர் தொங்கியது. உபயம்: சபைக் கமிட்டி உறுப்பினர் தர்மக்கண், அதாவது என் கொழுந்தனார். ஐயர் பதறிப்போய் ஆளை விட்டுப் பெயரை மட்டும் கத்தரித்து எடுக்கச் சொன்னார். இப்போது பேனரின் நடுவில் ஒரு ஓட்டை. அதன் வழியாக வேப்பமரம் தெரிகிறது. பக்கத்தில் கொழுந்தனார் கைகூப்பிச் சிரிக்கிறார்.

முதல் கூட்டம் என் வீட்டு முன்னறையில். என் வீட்டுக்காரர் காலமாகி ஐந்து வருஷமாகிறது, வீடு பெரிது, ஆள் ஒன்று. ஆகவே இந்தத் தெருவில் எது நடந்தாலும் என் வீட்டில்தான். பெல்லா, கொழுந்தனார், இன்னும் நான்கு பெண்கள்.

அந்த நாட்டிலிருந்து வந்த கடிதத்தை ஐயர் தமிழாக்கி அனுப்பியிருந்தார். எழுதியவரைச் சகோதரி என்று மட்டும் சொல்ல வேண்டும். ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா. சபையில் மொத்தம் முப்பத்தோரு பேர். அவர்கள் கூடிவந்த கூடத்தை அனுமதியில்லாத கட்டடம் என்று இரண்டு வருஷத்துக்கு முன்பு சீல் வைத்துவிட்டார்கள். அனுமதி கேட்டுக் கொடுத்த விண்ணப்பம் ஒன்பது வருஷமாக நிலுவையில் இருக்கிறதாம்.

பெல்லா ஜெபத்தைத் தொடங்கினாள். நாற்பது நிமிடம். அவள் மகனுக்குக் கனடா விசா, மருமகளுக்குத் தைராய்டு, வீட்டுக்குப் பின்னால் இடிந்த மதில் எல்லாவற்றையும் கடந்து கடைசி இரண்டு நிமிடத்தில் அந்த நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

மார்ச் 1, புதன்

குழாயில் தண்ணீர் வரவில்லை.

மார்ச் 3, வெள்ளி

காலையில் கொழுந்தனார் வந்தார். தெற்குத் தெருவில் பதினொரு முஸ்லிம் வீடுகள் இருக்கின்றன. என் மாமனார் பிறப்பதற்கு முன்பே வந்தவர்கள். அவர்கள் தொழுகிற தகரக் கொட்டகை போன ஐப்பசி மழையில் பாதி பிய்ந்துவிட்டது. அதைக் காங்கிரீட் போட்டுக் கட்ட அனுமதி கேட்டுக் கலெக்டருக்கு எழுதியிருக்கிறார்கள்.

"இன்னைக்குக் கூரைம்பான், நாளைக்கு மினாராம்பான். நம்ம ஊருல இது என்ன மைனி புதுப் பழக்கம்?" என்றார்.

"பதினோரு வீட்டுக்கு மினாரா எதுக்கு?"

"நீங்க ஆபீசுல இருந்தவிய. இதெல்லாம் எப்படி வளரும்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

சுக்குக் காபி குடித்தார். கருப்பட்டி கம்மி என்று சொல்லிவிட்டு இரண்டாவது தம்ளரும் குடித்தார். கொஞ்சம் பேப்பர் வேலை இருந்தது. மதியத்துக்குள் முடிந்தது.

மாலையில் ஜெபக்கூட்டம். சகோதரியின் கூடத்துக்கு அனுமதி கிடைக்க வேண்டும் என்று கொழுந்தனார் கண்ணீரோடு ஜெபித்தார். கண்ணீர் நிஜம்தான், பக்கத்திலிருந்து பார்த்தேன்.

மார்ச் 8, புதன்

ஒரு ஆட்சேப மனு கலெக்டர் ஆபீசுக்குப் போயிருக்கிறதாம். ஊரில் நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. கோயிலுக்கு வெளியே நின்று ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். என்ன மொழி, என்ன கோர்வை, ஆறு ஆட்சேபமும் ஆறு ஆணி மாதிரி என்றார்கள். இந்தக் காலத்திலும் நல்ல நடையை ரசிக்க ஆள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வெயில் அதிகமாக இருந்ததால் சீக்கிரம் வந்துவிட்டேன்.

மார்ச் 11, சனி

இரண்டு ரவிக்கைகள் இறுக்கிப் பிடிக்கின்றன. மைதீன் பிச்சை கடைக்குப் போனேன். ஊரில் நல்ல தையல்காரர் அவர் ஒருவர்தான். பாடகர் குழுவின் வெள்ளை அங்கிகள் அவர் தைத்தவை. ஈஸ்டருக்காக ஐயரின் புது அங்கியும் இப்போது அவர் மேசையில்தான் கிடக்கிறது.

அளவெடுத்து முடித்ததும் அவர் மனைவி ரகுமத்தைக் கூப்பிட்டு உள்ளேயிருந்து ஒரு தாளை எடுத்துவரச் சொன்னார்.

"அக்கா, ஒரு ஒதவி. எங்க கூரைக்கு ஆட்சேபம்னு ஒரு மனு போயிருக்கு. பதில் எழுதிக் குடுக்கணும்னு தாசில்தார் ஆபீசுல சொல்லுதாவ. எங்களுக்கு இந்த மொழியெல்லாம் வராது. ஒங்கள விட்டா ஊருல யாரு எழுதுவா?"

மனுவின் நகலை என் கையில் கொடுத்தார். படித்தேன். முழுவதும் படிக்கத் தேவையிருக்கவில்லை, இருந்தாலும் படித்தேன்.

"ரெண்டாவது பாருங்க. ஒலிபெருக்கிச் சத்தத்தால மாணவர் படிப்புக்கு இடையூறாம். எங்க கொட்டகையில கரண்டே கெடையாதுக்கா. ஒரு பல்பு கூட இல்ல."

"அப்படியா?"

"மூணாவது, வெளியூர் ஆட்கள் வந்து தங்குதாவளாம். தங்குததுக்கு அங்க எங்க எடம்? மழ பெஞ்சா நாங்களே வாளியோட நிக்கோம்." சிரித்தார். "யாரோ டவுன் வக்கீல் எழுதியிருக்காரு போல. நல்லாத்தான் எழுதியிருக்காரு. ஆனா நம்ம ஊரத் தெரியாத ஆளு."

கண்ணில் புரை வளர்கிறது, இப்போது எழுத்து வேலை செய்வதில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து ஊசியில் நூல் கோத்துச் சட்டைப் பொத்தான் ஒன்று தைத்தேன். முதல் தடவையிலேயே நூல் ஏறியது.

மார்ச் 17, வெள்ளி

சகோதரியிடமிருந்து இரண்டாவது கடிதம். இம்முறை ஐயரே வந்து வாசித்தார். விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்களாம். அந்த வட்டாரத்து ஆட்கள் முன்பே கொடுத்திருந்த ஆட்சேப மனுதான் காரணம். போக்குவரத்துக்கு இடையூறு. பாட்டுச் சத்தம். வெளியூர் ஆட்களின் நடமாட்டம். பொது அமைதிக்குக் குந்தகம்.

ஐயர் வாசித்துக்கொண்டே வந்து "குந்தகம்" என்ற இடத்தில் ஒரு நொடி நின்றார். தண்ணீர் குடித்தார்.

உலகம் முழுக்கத் தாலுகா ஆபீஸ் ஒன்றுதான் போலிருக்கிறது. கடல் கடந்து, மொழி கடந்து, மதம் கடந்து அதே நடை.

பெண்கள் அழுதார்கள். பெல்லாவுக்கு ஆவேசம் வந்துவிட்டது. எழுந்து நின்று, "ஆண்டவரே, அந்தப் பொய் மனுவ எழுதின கை சூம்பிப் போகட்டும்! அந்த வலது கை ஒரு வேலைக்கும் ஆகாமப் போகட்டும்!" என்று உரக்க ஜெபித்தாள். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். வரிசையில் நானும் இருந்தேன். சொன்னேன்.

மார்ச் 18, சனி

வலது மணிக்கட்டில் வலி. நேற்று சப்பாத்திக்கு மாவு பிசைந்ததால் இருக்கும்.

மார்ச் 24, வெள்ளி

இன்று ரம்ஜான் நோன்பு ஆரம்பம். காலம் தப்பிய கோடை மழை மதியம் பிடித்தது, காற்றோடு. என் முருங்கை விழுந்துவிட்டது.

நான்கு மணிக்குப் பெல்லா குடையில்லாமல் ஓடிவந்தாள். தொழுகை நேரத்தில் கொட்டகையின் தகரம் ஒன்று காற்றில் பிய்ந்து விழுந்திருக்கிறது. கீழே நின்றவர்கள் மேல் விழாமல் மைதீன் பிச்சை கையை நீட்டித் தடுத்திருக்கிறார். வலது கை. உள்ளங்கை குறுக்கே கிழிந்து, இரண்டு விரலுக்குப் போகிற நரம்பு அறுந்துவிட்டதாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போயிருக்கிறார்கள்.

"பாவம், தையக்காரரு கையில்லா!" என்றாள் பெல்லா. அவளுக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

எனக்குத் தோன்றியது. ஜெபம் கேட்கப்பட்டிருக்கிறது. தபாலில்தான் விலாசம் மாறிப்போயிற்று. ஆபீசில் இந்த மாதிரி நடந்தால், தவறுதலாகச் சேர்ந்தது என்று முத்திரை குத்தித் திருப்பி அனுப்புவோம்.

இரவுச் சாப்பாடு வேண்டியிருக்கவில்லை. லெந்து நாட்கள்தானே, கணக்கில் சேரட்டும்.

மார்ச் 26, ஞாயிறு

ஆராதனை முடிந்து கோயிலிலேயே திரை கட்டிச் சகோதரியோடு வீடியோ அழைப்பு. வீடியோ என்று பெயர்தான், அந்தப் பக்கம் முகம் காட்டவில்லை. கறுப்புத் திரையிலிருந்து ஒரு குரல். சளி பிடித்த, சாதாரண வாத்தியாரம்மா குரல். ஆங்கிலத்தில் பேசினார், ஐயர் மொழிபெயர்த்தார்.

கூடத்தைச் சீல் வைத்த பிறகு அவர்கள் ஒரு மாவு மில்லுக்குள் கூடுகிறார்களாம். மில்காரர் முஸ்லிம். விசாரணை நடந்தபோது இவர் தானாகவே போய், "இருபது வருஷமாகப் பக்கத்தில் இருக்கிறேன், இவர்களால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை, மனுவில் இருப்பது பொய்" என்று சொல்லியிருக்கிறார். அதிலிருந்து அவர் மில்லுக்கு மாவரைக்க வருகிறவர்கள் பாதியாகக் குறைந்துவிட்டார்கள். அவருக்காக ஜெபியுங்கள் என்றார் சகோதரி.

கொழுந்தனார் மைக்கை வாங்கினார்.

"அந்த மில்காரர் இரட்சிக்கப்பட்டுட்டாரான்னு கேளுங்க ஐயரே."

ஐயர் கேட்டார். பதில் சீக்கிரமாக வந்தது. "இல்லை. அவர் பக்கத்து வீட்டுக்காரர், அவ்வளவுதான்."

பிறகு சகோதரி கேட்டார்: "எங்களுக்காக இவ்வளவு நாள் ஜெபித்தீர்கள். உங்கள் ஊரில் உங்களுக்கு என்ன கஷ்டம்? நாங்கள் எதற்காக ஜெபிக்கட்டும்?"

கோயிலில் உட்கார்ந்திருந்த அறுநூறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கடைசியில் பெல்லா, "தண்ணிக் கஷ்டம்னு சொல்லுங்க" என்றாள். ஐயர் அதைச் சொன்னார். சகோதரி குறித்துக்கொண்டார் போலிருக்கிறது, எங்கள் ஊர்ப் பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டார்.

மார்ச் 29, புதன்

வரும் செவ்வாய்க்கிழமை தாலுகா ஆபீசில் இரு தரப்பையும் வைத்துச் சமாதானக் கூட்டம். கோட்டாட்சியர் வருகிறாராம். கொழுந்தனார் வந்து, "நீங்கதான் மைனி பேசணும். ஆறு பாயிண்டும் ஒங்களுக்குத்தான் மனப்பாடம்" என்றார்.

ஆக, இனி இந்த நோட்டிலும் மறைத்துப் பயனில்லை. மூன்றாம் தேதி காலையில் நான் செய்த பேப்பர் வேலை அந்த மனுதான். கேட்டார், எழுதினேன். எழுதும்போது, உண்மையைச் சொன்னால், சந்தோஷமாக இருந்தது. ஐந்து வருஷமாக யாரும் என்னிடம் ஒரு வரி எழுதித் தரச் சொல்லிக் கேட்டதில்லை.

சாயங்காலம் ஐயரைப் பார்க்கப் போனேன். பழைய அங்கியை அவரே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயரே, அந்த மனு..."

"தெரியும்க்கா. 'குந்தகம்'னு நம்ம ஊருல வேற யாரு எழுதுவா?"

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "எப்படிக் கேக்க? மொதல் கையெழுத்தே என்னோடதுதானே. கமிட்டியில நீட்டுனாவ, போட்டுட்டேன். மே மாசம் டிரான்ஸ்பர் லிஸ்ட் வருதுக்கா. பொண்ண இப்பத்தான் ஸ்கூல்ல சேத்திருக்கோம்."

"செவ்வாய்க்கெழம வருவியளா?"

"பரிசுத்த வாரம்லா. வேல நெறைய இருக்கும்."

ஜெபித்து அனுப்பினார். சின்ன ஜெபம். பாவம், அதற்கே வார்த்தை கிடைக்காமல் தடுமாறினார்.

ஏப்ரல் 2, குருத்தோலை ஞாயிறு

குருத்தோலையைக் கையில் பிடித்துக்கொண்டு ஓசன்னா பாடியபடி நான்கு தெருவும் சுற்றினோம். ஆட்டோவில் கட்டிய இரண்டு ஒலிபெருக்கிகள். தெற்குத் தெருவில் நோன்பு வைத்தவர்கள் வாசலில் நின்று வழிவிட்டார்கள். போக்குவரத்துக்கு இடையூறு இல்லை.

ஓலையை வீட்டில் போட்டுவிட்டுத் திரும்பத் தெற்குத் தெருவுக்குப் போனேன். மைதீன் பிச்சை கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கையில் முழங்கைவரை கட்டு. தையல் மெஷின் மேல் துணி போர்த்தியிருந்தது. ரகுமத் நாற்காலி எடுத்துப் போட்டாள்.

உட்காராமலே சொன்னேன். "அந்த மனுவ எழுதினது வக்கீல் இல்ல. நான்தான்."

மைதீன் பிச்சை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப... ஊருக்குள்ள இருந்துகிட்டேதான் எழுதினியளா?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை.

ரகுமத் நாற்காலியைத் திரும்ப எடுத்துச் சுவரோரம் வைத்தாள். "அன்னைக்கு ரவிக்க அளவு குடுத்துட்டு, இவிய கையில இருந்து வாங்கி ஒண்ணும் தெரியாத மாதிரி படிச்சியளே. அது எப்படிக்கா முடிஞ்சுது?"

பழக்கம் என்று சொல்லியிருக்கலாம்.

"எங்க சத்தம் ஒங்க வீட்டுக்கு ஒரு நாளாவது கேட்டிருக்கா?"

"இல்ல."

"அத ஆபீசுல சொல்லுவியளா?"

"சொல்லுவேன்."

"சொல்லுங்க. சொன்ன பொறவு பாப்போம்." உள்ளே போய்விட்டாள்.

மைதீன் பிச்சை வாசல்வரை வந்தார். "நோம்பு நேரம், அவ ஒரு மாதிரி பேசிட்டா" என்றார். அவள் சரியாகத்தான் பேசினாள். அவருக்கும் அது தெரியும்.

ஏப்ரல் 4, செவ்வாய்

மெதுவாக எழுதுகிறேன்.

முப்பத்திரண்டு வருஷம் நான் வேலை பார்த்த அதே கூடம். கோட்டாட்சியர் ஒரு பெண், நாற்பது வயதுகூட இருக்காது. ஒரு பக்கம் எங்கள் ஆட்கள் அறுபது பேர். மறுபக்கம் அவர்கள் ஒன்பது பேர். ரகுமத் கடைசி நாற்காலியில் இருந்தாள்.

"மனுதாரர் தரப்பில் யார் பேசுறீங்க?"

கொழுந்தனார் பெருமையாக எழுந்தார். "எங்க மைனி பேசுவாவ மேடம். இதே ஆபீசுல தலைமை எழுத்தரா இருந்தவிய."

எழுந்தேன். மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"மொதல் ஆட்சேபம், போக்குவரத்து. தெற்குத் தெருவுல ஒரு நாளைக்கு ரெண்டு மினி பஸ் வரும். ஞாயித்துக்கெழம மட்டும் அதுக்குத் திரும்ப எடம் இருக்காது. அது எங்க கோயிலுக்கு வார காருனால. ரெண்டாவது, ஒலிபெருக்கி. அந்தக் கொட்டகையில கரண்டே கெடையாது. மூணாவது, வெளியூர் ஆட்கள்..."

"மைனி, உக்காருங்க" என்றார் கொழுந்தனார், மெதுவாக.

"மூணாவது, வெளியூர் ஆட்கள். யாரும் கெடையாது. பதினோரு வீட்டு ஆட்களையும் எனக்குப் பேரு சொல்லித் தெரியும்."

"மைனி!"

"நாலாவது, பள்ளிக்கூடம் பக்கத்துல இருக்குன்னு. அரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கு. அஞ்சாவது, எடம் அவங்களோடதில்லன்னு. அந்தப் பட்டாவ நகல் எடுத்துக் குடுத்ததே நான்தான், இதே ஆபீசுல. ஆறாவது, பொது அமைதி. அது இந்த மனு வந்த பொறவுதான் கெட்டுச்சு."

கோட்டாட்சியர் பேனாவைக் கீழே வைத்தார். "இது உங்க தரப்பு மனுதானே? யார் எழுதினது?"

"நான்தான் மேடம்."

"பொய்ன்னு தெரிஞ்சே எழுதினீங்களா?"

"ஆமா. கேட்டாவ, எழுதினேன். இப்ப அதத் திரும்ப வாங்கிக்கிடுதேன்."

பிறகு நடந்த கூச்சலைப் பதிவு செய்ய எனக்குத் திறமை போதாது. காசு வாங்கிவிட்டாள் என்றார்கள். கிழவிக்கு மூளை கலங்கிவிட்டது என்றார்கள். கொழுந்தனார் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். அண்ணன் மனைவி என்று இருபத்தெட்டு வருஷம் முன்னால் நடக்கவிட்டுப் பின்னால் வந்த மனிதர், என்னைத் தாண்டி வெளியே போனார்.

நேரில் வந்து பார்வையிட்டு உத்தரவு போடுவதாகக் கோட்டாட்சியர் சொன்னார். பஸ்ஸில் திரும்பி வந்தேன். ஊர் ஆட்கள் ஏழு பேர் அதே பஸ்ஸில். எனக்கு மூன்று பேர் உட்காருகிற சீட் முழுவதும் கிடைத்தது.

ஏப்ரல் 5, புதன்

விடிந்ததும் பெல்லா. திட்டத்தான் வந்தாள் என்று நினைத்தேன். திட்டவும் செய்தாள்.

"எட்டி, நீதான் எழுதினன்னு எனக்கு ஏன் சொல்லல? கை சூம்பட்டும்னு நின்னு ஜெபிச்சேனே! நீயும் பக்கத்துல உக்காந்து ஆமென் சொன்னியே! இப்ப அத நான் எப்படித் திரும்ப வாங்க?"

"தாலுகா ஆபீசுல வாங்கிக்கிடுதாவ. மேல எப்படின்னு தெரியல" என்றேன்.

சிரிக்கவில்லை அவள். என் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். பெல்லா சத்தமில்லாமல் ஜெபித்து நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. பிறகு, "தையக்காரரு வீட்டுக்கு நான் வந்தா சேத்துக்கிடுவாவளா?" என்று கேட்டாள். அவரைச் சந்திக்கலாம், ரகுமத்தைப் பற்றி உத்தரவாதம் தரமுடியாது என்றேன்.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் மூன்றாவதை நான் வாசிப்பதாக இருந்தது. பெயரை அடித்துவிட்டு வேறு ஆளைப் போட்டிருந்தார்கள். செயலாளர் பதவியும் போயிற்று. மூன்று மணி நேர ஆராதனை, பெஞ்சில் காற்றோட்டமாக இருந்தேன்.

முதல் வார்த்தையை ஐயர் பிரசங்கித்தார். பிதாவே இவர்களுக்கு மன்னியும், தாங்கள் செய்கிறது இன்னதென்று அறியாதிருக்கிறார்களே. நான் அறிந்து செய்தவள். அந்த வசனத்தில் எனக்கு இடமிருக்கிறதா என்று ஐயரிடம் கேட்கலாம். அவரும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார் என்று முகத்தில் தெரிந்தது. நடுவில் தாளைப் பார்ப்பதை விட்டுவிட்டு, "மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது, நானும் அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்" என்றார். பிறகு விட்ட இடத்திலிருந்து வாசித்தார். சாபம் தீர்ந்தவர் மாதிரி குரல் நன்றாக இருந்தது. மே மாதம் லிஸ்டில் அவர் பெயர் முதலில் இருக்கும்.

ஏப்ரல் 9, ஈஸ்டர்

நாற்பது நாள் முடிந்தது. பேனரைக் கழற்றிவிட்டார்கள். சகோதரியின் கூடம் இன்னும் சீல் வைத்தபடியேதான் இருக்கிறது. ஆனால் நம் அட்டவணைப்படி அந்த நாடு முடிந்துவிட்டது. அடுத்தது கோடை விடுமுறை வேதப்பள்ளி.

தெருவெல்லாம் பிரியாணி வாசம். எனக்கு யாரும் கொடுத்தனுப்பவில்லை, பெல்லாவைத் தவிர.

சகோதரிக்கு ஒரு கடிதம் எழுதி, ஆங்கிலத்தில் அனுப்பச் சொல்லி ஐயரிடம் கொடுத்தேன். தண்ணீர் கஷ்டம் என்று அன்று சொன்னது முழு உண்மையல்ல என்று ஆரம்பித்து, நடந்ததை எழுதினேன். ஆறு ஆட்சேபங்களையும் வரிசையாக எழுதினேன். மன்னிப்புக் கேட்கிற இடத்தில் எனக்கு நடை வரவில்லை. நான்கு தடவை கிழித்து எழுதினேன்.

ஏப்ரல் 13, வியாழன்

மைதீன் பிச்சை இடது கையில் உத்தரவோடு வந்தார். படித்துப் பொருள் சொல்லச் சொன்னார். பழைய தகரத்தை மாற்றிப் புதுத் தகரம் போட அனுமதி. காங்கிரீட் விண்ணப்பம் பரிசீலனையில். எத்தனை வருஷப் பரிசீலனை என்று போடவில்லை, அது வழக்கமில்லை.

"மேல்முறையீடு செய்யலாம். நான் எழுதித் தாரேன்" என்றேன்.

யோசித்தார். "வீட்டுல கேட்டுட்டுச் சொல்லுதேன்க்கா."

விரல்கள் மடங்குகிறதா என்று கேட்டேன். கட்டுக்கு வெளியே தெரிந்த இரண்டு விரலையும் அசைக்கப் பார்த்தார். ஒன்று அசைந்தது.

ஏப்ரல் 16, ஞாயிறு

ஆராதனை முடிந்து எல்லோரும் போன பிறகு, ஐயர் சகோதரியின் பதிலை என்னிடம் கொடுத்தார். ஐயரே தமிழாக்கி எழுதியிருந்தார். சின்னக் கடிதம். அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்.

"அன்புள்ள சகோதரிக்கு. உங்கள் கடிதத்தை எங்கள் சபையில் வாசித்தோம். சிலர் கோபப்பட்டார்கள், எனக்கும் கோபம் வந்தது. எங்களுக்கு எதிரான மனுவை எழுதியவரும் ஓய்வு பெற்ற ஓர் எழுத்தர்தான். எங்கள் தெருவிலேயே இருக்கிறார். என் அப்பாவின் ஓய்வூதியத் தாள்களை முன்பு அவர்தான் சரிசெய்து கொடுத்தார். இரண்டு வருஷமாக ஒவ்வொரு காலையும் மாவு மில்லில் அவர் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறோம். அவர் இன்னும் எங்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இந்த வாரத்திலிருந்து அவர் பெயருக்குப் பக்கத்தில் உங்கள் பெயரையும் சொல்கிறோம். எங்கள் ஆட்களுக்கு வயலட் என்று சொல்ல வரவில்லை, ஆனாலும் முயல்கிறார்கள்."

கோயிலுக்குள் தனியாக உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். ஏதாவது கேலியாகச் சொல்லலாம் என்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

வீட்டுக்கு வந்து பதில் எழுதினேன். ஒரே வரி. அந்த எழுத்தரின் பெயர் என்ன என்று கேட்டிருக்கிறேன்.